பில் போட்டும் பணம் வரவில்லை: திருப்பூர் தையல் யூனிட் நடத்தும் வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

பெயரையும் பகுதியையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் திருப்பூரிலிருந்து ஒரு பெண் வாசகர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவர் 14 இயந்திரங்களும் 9 தொழிலாளர்களும் கொண்ட பவர் டேபிள் யூனிட் ஒன்றைக் கணவருடன் சேர்ந்து நடத்துகிறார். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றிடமிருந்து வெட்டிய துணியைப் பண்டலாக வாங்கி வந்து, டி-ஷர்ட்டாகத் தைத்துத் திருப்பிக் கொடுத்து, பீஸ் கணக்கில் கூலி பெறும் ஜாப் ஒர்க் அவருடையது. கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் அந்த நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறார். 2025 ஜனவரி முதல் மே வரை தைத்த வேலைக்கு மூன்று பில்களில் 4,10,000 ரூபாயும், ஜூலை முதல் அக்டோபர் வரை தைத்த வேலைக்கு ஐந்து பில்களில் 7,30,000 ரூபாயும், ஜிஎஸ்டி உட்பட மொத்தம் 11,40,000 ரூபாய் வர வேண்டியிருக்கிறது. வராத அந்தப் பணத்துக்கான ஜிஎஸ்டியை மட்டும் அவர் மாதந்தோறும் தன் கையிலிருந்து கட்டிவிட்டார்.

கேட்கும்போதெல்லாம் அமெரிக்க வரியைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். 2025 டிசம்பர் 10 தேதியிட்ட 2,00,000 ரூபாய்க் காசோலை ஒன்றைக் கொடுத்தார்கள். அது டிசம்பர் 16 அன்று போதிய பணம் இல்லை என்று திரும்பி வந்தது. ‘பொங்கல் கழியட்டும், மறுபடி போடுங்கள்’ என்றார்கள், இவரும் காத்திருந்தார். அக்டோபரில் ‘செக்யூரிட்டிக்கு’ என்று கொடுத்த, கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலை ஒன்றும் பீரோவில் இருக்கிறது. இதற்கிடையில், ஆகஸ்ட் 14 அன்று ஒப்படைத்த லாட்டில் தையல் குறை என்று சொல்லி, டிசம்பர் 3 அன்று 1,85,000 ரூபாயைக் கூலியில் கழித்துக்கொள்வதாக டெபிட் நோட் அனுப்பியிருக்கிறார்கள். நிறுவனத்தின் கணக்காளரோ, ‘நாங்கள் சிறுதொழில் சட்டத்தின் கீழ் வருபவர்கள் அல்ல’ என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார். கடைசி லாட்டின் 1,460 பீஸ்கள் தைத்து முடித்து இவருடைய ஷெட்டிலேயே இருக்கின்றன. பீஸுக்கு 24 ரூபாய் வீதம் அதன் கூலி 35,040 ரூபாய். ஜனவரி 27 தேதியிட்ட கடிதத்தில் அவர் கேட்பவை இவைதாம்: வெற்றுக் காசோலையில் 11,40,000 என்று எழுதி வங்கியில் போடலாமா, பணம் தரும் வரை பீஸ்களைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத நிலையில் வழக்கு நிற்குமா, வழக்குப் போட்டால் இந்த ஊரில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

சகோதரி, உங்கள் கடிதம் முழுவதும் ‘என் பதினொரு லட்சத்து நாற்பதாயிரம்’ என்றே வருகிறது. வீட்டுக் கணக்கில் அது ஒரே பணம்தான். சட்டத்தின் முன் அது மூன்று வெவ்வேறு பாக்கிகள்: உத்யம் எனப்படும் சிறுதொழில் பதிவுக்கு முன் செய்த வேலைக்கான பாக்கி, பதிவுக்குப் பின் செய்த வேலைக்கான பாக்கி, திரும்பி வந்த காசோலைக்குள் அடங்கிய 2,00,000. ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய இடம் வேறு, கெடு வேறு, வட்டி வேறு. மூன்றையும் ஒரே கோபத்தில் கட்டி ஒரே மனுவாகக் கொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் ‘இதை எந்த மன்றம் விசாரிப்பது’ என்ற பிரச்சினையிலேயே சிக்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே தனித்தனியாகவே பேசுகிறேன்; அவசரமானதிலிருந்து தொடங்குகிறேன்.

காசோலை: மார்ச் 9-க்குள்

காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று நீங்கள் நினைப்பது தவறு. காசோலை திரும்பியது என்ற தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். உங்களுக்கு அந்த 30 நாட்கள் ஜனவரி 15-உடன் முடிந்துவிட்டன. ‘பொங்கல் கழியட்டும்’ என்ற சொல் பண்டிகையை முன்னிட்டுச் சொல்லப்பட்டதா, தேதியைக் கணக்கிட்டுச் சொல்லப்பட்டதா என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. பலன் என்னவோ ஒன்றுதான். அறிவிப்பு அனுப்பத் தவறிய தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. புகார் மனுவைத் தாக்கல் செய்வதில் ஏற்படும் தாமதத்தை மட்டுமே, தக்க காரணம் இருந்தால், மன்னிக்கலாம்.

ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. காசோலை, அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்குச் செல்லும். அதற்குள் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் வங்கியில் செலுத்தலாம். முதல் முறை திரும்பியபோது அறிவிப்பு அனுப்பாமல் விட்டவர், மறுமுறை திரும்பும்போது அதை வைத்து நடவடிக்கை எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2012-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் காசோலையின் தேதி டிசம்பர் 10 என்பதால் மார்ச் 9 வரை காலம் இருக்கிறது. ஆனால் கடைசி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போட்டுவிடுங்கள். மீண்டும் திரும்பினால், வங்கி தரும் மெமோவைப் பெற்ற நாளைக் குறித்துக்கொண்டு, 30 நாட்களுக்குள் நிறுவனத்தின் பெயருக்கும், கையெழுத்திட்ட கூட்டாளிக்கும், நிர்வாகத்தைக் கவனிக்கும் மற்றக் கூட்டாளிகளுக்கும் பதிவு செய்த ஸ்பீட் போஸ்ட்டில் அறிவிப்பு போக வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் அவர்கள் பணம் கொடுக்காவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கு உட்பட்ட நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று 2015 திருத்தம் சொல்வதால் நீங்கள் வெளியூருக்கு அலைய வேண்டியதில்லை. உங்கள் கணவர் சொல்வதுபோலக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ஆளைப் பிடித்துக் கொடுக்கும் விஷயம் இல்லை இது. உறவினர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களுடைய அலுவலகத்தில் உட்காரும் யோசனையையும் விட்டுவிடுங்கள். மிரட்டல் என்று அவர்கள் கொடுக்கும் ஒரு புகார், உங்கள் பக்கமுள்ள நியாயத்தை எல்லாம் ஓரங்கட்டிவிடும்.

ஒருவேளை காசோலைக்குப் பணம் வந்துவிட்டால் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. எந்தப் பில்லுக்கான பணம் இது என்று கொடுப்பவர் சொல்லாதபோதும், சூழ்நிலையிலிருந்து அது புலப்படாதபோதும், எந்தப் பாக்கியில் வரவு வைப்பது என்பதை வாங்குபவர் முடிவு செய்யலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு. அந்த 2,00,000 ரூபாயை ஜனவரி முதல் மே வரையிலான பழைய பில்களில் வரவு வைத்து, அப்படி வைத்திருப்பதாக அவர்களுக்கு ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள். ஏன் பழைய பில்களில் என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

வெற்றுக் காசோலையைப் பொறுத்தவரை, தானே விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் பின்னர் ‘அதில் நான் தொகை எழுதவில்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது என்பது சரிதான். ஆனால் 11,40,000 என்று எழுதினால், அதில் ஏற்கெனவே வேறொரு காசோலையாக உங்கள் கையில் இருக்கும் 2,00,000 ரூபாயும் சேர்ந்துவிடும். உண்மையான கடனைவிட அதிகத் தொகை எழுதப்பட்ட காசோலையை வைத்து 138-ஆம் பிரிவின் கீழ் தண்டனை கோர முடியாது. இரண்டையும் ஒரே வேளையில் போட்டால் இரண்டையும் நீங்களே பலவீனப்படுத்திக்கொள்வீர்கள்.

உத்யம் பதிவுக்கு முன்னும் பின்னும்

நீங்கள் உத்யம் பதிவு பெற்ற நாள் 2025 ஜூன் 9. பிரவுசிங் சென்டரில் அதற்கு 2,500 ரூபாய் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அரசு அந்தப் பதிவுக்குக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை என்பதை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அந்தத் தேதிதான் உங்கள் எட்டுப் பில்களையும் இரண்டாகப் பிரிக்கும் கோடு.

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, பொருள் விற்பவர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைக்கிறீர்கள். அப்படியல்ல, சேவை வழங்குபவரும் அதில் அடங்குவார், ஆகவே கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் நீங்களும் அதில் வருகிறீர்கள். இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்கும், ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்கும் மேற்படாதவை குறுந்தொழில்கள் என்பது 2025 ஏப்ரல் முதல் உள்ள வரையறை. அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, எழுத்தில் பேசிக்கொண்டால்கூட 45 நாட்களுக்கு மேல் கடன் நாள் வைக்க முடியாது. அவர்களுடைய ஜாப் ஆர்டர் தாளின் அடியில் ‘90 நாள்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நீங்கள் கைகட்டி நின்றிருக்கிறீர்கள். இந்தச் சட்டத்துக்குள் வரும் வேலைக்கு அந்த 90, சட்டப்படி 45-தான். அதைத் தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வங்கி விகிதம் ஐந்தரை சதவீதம் என்றால் வட்டி பதினாறரை சதவீதம். 7,30,000 ரூபாய்க்கு மாதம் சுமார் 10,000 ரூபாய். தண்டல்காரரிடம் ஐந்து வட்டிக்கு வாங்கிய 2,00,000 ரூபாய்க்கு நீங்கள் மாதாமாதம் கட்டுவதும் அதே 10,000 ரூபாய்தான். உங்கள் பணத்தை வைத்திருப்பவர் கொடுக்க வேண்டிய வட்டியை, அவருக்குப் பதிலாக நீங்கள் வேறொருவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தப் பாதுகாப்பு ஜூலை முதலான ஐந்து பில்களுக்கு உறுதியாக உண்டு. ஜனவரி முதல் மே வரையிலான மூன்று பில்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பதிவு செய்ததன் பலன், பதிவுக்குப் பின் வழங்கிய பொருளுக்கும் சேவைக்கும் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் 2022-லும் தீர்ப்பளித்திருக்கிறது. 2025 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று அந்த நிலைப்பாட்டில் ஐயம் எழுப்பி, கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது என்றாலும், அதை நம்பி இன்றே காலை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. எட்டுப் பில்களையும் ஒரே மனுவில் போட்டால், முதல் மூன்றைச் சுட்டிக்காட்டி மனுவையே கேள்விக்குள்ளாக்கும் வாய்ப்பை எதிர்த்தரப்புக்கு நாமே கொடுத்ததாகும்.

ஆகவே ஐந்து பில்களுக்கு மட்டும், குறு, சிறு தொழில்களின் நிலுவைப் பணத்துக்காக மத்திய அரசு நடத்தும் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். உத்யம் எண்ணும், ஜாப் ஆர்டரும், பில்களும் போதும்; வழக்கறிஞர் கட்டாயமில்லை. விண்ணப்பம், வசதியாக்கக் குழு எனப்படும் அமைப்பின் முன் போகும். அவர்கள் முதலில் இரு தரப்பையும் வைத்துச் சமரசம் பேசுவார்கள். கூடாவிட்டால் நடுவர் தீர்ப்பு. சட்டம் 90 நாட்கள் என்று சொன்னாலும் நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக ஆகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தபின் அதை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்புபவர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இழுத்தடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இந்தச் சட்டத்தில் உறுத்தும் இடம் அதுதான்.

பழைய 4,10,000 ரூபாய்க்கு உரிய இடம் வணிக நீதிமன்றம். 3,00,000 ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறு என்பதால், வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் சமரசப் பேச்சுக்குப் போவது கட்டாயம். அவசர இடைக்கால உத்தரவு வேண்டியிருந்தால் மட்டுமே விலக்கு. காலவரையறை மூன்று ஆண்டுகள், அதாவது 2028 வரை இருக்கிறது. வட்டியும் நீதிமன்றத்தின் பார்வைக்கு உட்பட்டதே தவிர, மும்மடங்கு அல்ல. வரும் பணத்தை முதலில் இந்தப் பழைய பாக்கியில் வரவு வையுங்கள் என்று மேலே சொன்னதன் காரணம் இப்போது தெரிந்திருக்கும்: வட்டி குறைவாக விளைவதை முதலில் கழித்துவிட்டு, வட்டி அதிகமாக விளைவதை விட்டு வைக்க வேண்டும்.

டெபிட் நோட்

ஆகஸ்ட் 14 அன்று ஒப்படைத்த சரக்குக்கு டிசம்பர் 3 அன்று குறை சொல்கிறார்கள். சரக்கோ சேவையோ கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ள வேண்டும் என்பது அதே 2006 சட்டத்தில் உள்ளது. பணம் கொடுக்க வேண்டிய கெடு அந்த ஒப்படைத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் இதை வைத்து, ‘டெபிட் நோட் செல்லாது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குறை உண்மையிலேயே இருந்தது என்று அவர்கள் குழுவின் முன் எதிர்க் கோரிக்கை வைக்கலாம். அதற்கு இடம் உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அங்கேதான் நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ‘செக்கிங் முடிந்தது, பாஸ், அடுத்த லாட் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற செய்தி உங்களுக்குக் கைகொடுக்கும். குறை கண்டிருந்தால் சரிசெய்து தர, அதாவது ஆல்டருக்கு, திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்பது திருப்பூரில் தையல் தெரிந்த யாருக்கும் புரியும். அதற்குப் பின் நான்கு லாட்டுகள் கொடுத்திருக்கவும் மாட்டார்கள். டெபிட் நோட்டை ஏற்கவில்லை என்று, காரணங்களுடன், இந்த வாரமே எழுத்தில் பதில் அனுப்புங்கள். நீங்கள் இத்தனை நாள் ‘பதில் போட்டால் கோபித்துக்கொள்வார்கள்’ என்று பேசாமல் இருந்தது, நாளை ஒப்புக்கொண்டதாக வாதிடப்படும்.

ஷெட்டில் இருக்கும் 1,460 பீஸ்கள்

உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் கவலை தந்த வரி, ‘11 லட்சத்தையும் கொடுத்தால்தான் பீஸ் வெளியே போகும்’ என்பது. துணி அவர்களுடையது, உங்கள் கையில் இருப்பது ஒப்படைக்கப்பட்ட பொருள். வேலை செய்து கொடுத்தவர், அந்த வேலைக்கான கூலி வரும் வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை அந்தப் பொருளுக்கான கூலிக்கு மட்டுமே. பழைய பாக்கிக்கு அல்ல. பழைய கணக்குக்கெல்லாம் சேர்த்துப் பொருளைப் பிடித்து வைக்கும் பொதுவான உரிமையைச் சட்டம் வங்கியர் போன்ற சிலருக்கு மட்டுமே தந்திருக்கிறது.

இன்னும் கேளுங்கள். 1872-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதே ஒரு தையல்காரரைத்தான். துணியைக் கோட்டாகத் தைக்கக் கொடுக்கிறார் ஒருவர். தைத்து முடித்ததும் கொடுத்துவிடுவதாகவும், கூலிக்கு மூன்று மாதம் தவணை தருவதாகவும் தையல்காரர் ஒப்புக்கொள்கிறார். அவர் கூலி வரும் வரை கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. நீங்கள் கடன் நாளை ஒப்புக்கொண்டே லாட்டை எடுத்திருக்கிறீர்கள். அது 90 என்றாலும் 45 என்றாலும், தவணை தவணைதான். ஆகவே 35,040 ரூபாய்க்காகக்கூட நீங்கள் பிடித்து வைப்பது சந்தேகத்துக்குரியது.

அதோடு, அந்தச் சரக்குக்குக் கப்பல் தேதி ஒன்று இருக்கும். அது தவறினால் விமானத்தில் அனுப்பிய செலவு முழுவதையும் உங்கள் தலையில் எழுதி இன்னொரு டெபிட் நோட் வரும். இம்முறை அதில் ஓரளவு நியாயமும் இருக்கும். காதர்பேட்டையில் கொண்டுபோய் விற்றுவிடலாம் என்று உங்கள் உறவினர் சொன்ன யோசனை, நம்பிக்கை மோசடிக் குற்றம். அதை மறந்துவிடுங்கள். ‘இந்த லாட்டுக்கு மட்டும் கூலியைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இணங்காவிட்டால், எண்ணிக்கை எழுதிய டெலிவரி சலானில் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். அடுத்த பண்டலை எடுக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் கையில் உள்ள நியாயமான அழுத்தம் அதுதான்.

ஒப்பந்தம் இல்லை என்ற கவலை

இது தேவையற்ற கவலை. ஜாப் ஆர்டர், கையெழுத்திட்ட டெலிவரி சலான், பில், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் ஒப்பந்தம். வாட்ஸ்அப் செய்திகளைச் சான்றாக வைக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. ஆகவே அந்த ஃபோனை மாற்றவோ உரையாடலை அழிக்கவோ வேண்டாம். இவற்றைவிட வலுவான, நீங்கள் கவனிக்காத சான்று ஒன்று இருக்கலாம். உங்கள் வருமான வரிக் கணக்கின் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் பில்களுக்கு அவர்கள் ஒரு சதவீதம் வருமான வரிப் பிடித்தம் (டிடிஎஸ்) செய்து கட்டியிருந்தால், அந்தப் பில்களைத் தங்கள் புத்தகத்தில் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை அவர்களே வரித்துறைக்கு எழுதிக் கொடுத்ததாகும்.

கணக்காளர் நீட்டும் கடிதம்

அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் ஏன் கேட்கிறார் என்று தெரிந்தால் உங்களுக்கும் தைரியம் வரும். வருமான வரியில் 43பி(எச்) என்று கணக்காளர்கள் சொல்லும் விதி, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்பது அதன் சாரம். உங்கள் ஐந்து பில்களையும் மார்ச் 31-க்குள் தீர்க்காவிட்டால், அந்தத் தொகை அவர்களுக்கு இந்த ஆண்டு லாபமாகவே கணக்கிடப்படும். கூட்டாண்மை நிறுவனத்துக்கான 30 சதவீத வரியில் அது சுமார் 2,00,000 ரூபாய்ச் சுமை. நீங்கள் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டால் அவர்களுடைய வரிச்சுமை நீங்கும்; அதே கடிதம் நாளை வசதியாக்கக் குழுவில் உங்களுக்கு எதிராக நீட்டப்படும். ஜிஎஸ்டியிலும் இதைப் போல ஒன்று உண்டு: பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் கொடுக்காதவர், அந்தப் பில்லில் எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும். ஜனவரி முதல் மே வரையிலான பில்களுக்கு அந்தக் கெடு கடந்துவிட்டது. மிரட்டலாக இல்லாமல், கடிதத்தில் ஒரு வாக்கியமாக இவற்றைக் குறிப்பிடுங்கள்; அவர்களுடைய ஆடிட்டருக்கு அது போதும்.

அமெரிக்க வரி விஷயத்தில் அவர்கள் சொல்வது பொய் என்று நான் நினைக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அங்கே 50 சதவீதம் வரி என்றானபோது திருப்பூரில் அடி வாங்காதவர் குறைவு. ஆனால் அவர்களுக்கு அவர்களுடைய வாடிக்கையாளர் பணம் தராதது, உங்களுக்குத் தர வேண்டிய கடமையை நீக்காது. உங்கள் முதல் ஐந்து மாத நிலுவை அந்த வரிக்கு வெகு முந்தியது என்பதையும் கவனியுங்கள். இதே அளவுகோல் உங்களுக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னவனாக மாட்டேன். ‘இரண்டு வாரமாகச் சம்பளம் போடவில்லை, ஆட்கள் புரிந்துகொள்வார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாரச் சம்பளம் வாரத்தின் கடைசி வேலை நாளிலேயே கொடுக்கப்பட வேண்டும் என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் விதி. மேலிருந்து பணம் வரவில்லை என்பது அங்கே பதிலாகாது. எந்தப் பணம் முதலில் வந்தாலும் அந்த இரண்டு சனிக்கிழமைகளைத் தீர்த்துவிடுங்கள். தண்டல் கடனை அடைக்க, உத்யம் சான்றிதழையும் ஜிஎஸ்டி தாக்கல்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் வங்கியில் முத்ரா கடனுக்கு விண்ணப்பியுங்கள். ஐந்து வட்டியோடு ஒப்பிட்டால் எந்த வங்கி வட்டியும் சிறியதுதான்.

வழக்குப் போட்டால் வேலை கிடைக்குமா?

இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. திருப்பூரில் ஒரு செய்தி அவிநாசி ரோட்டைக் கடக்க அரை நாள் போதும். உங்கள் பயம் வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெருந்தொகை பாக்கி வைத்திருக்கும் ஒரே நிறுவனத்துக்கு ஷெட்டில் உள்ள 14 இயந்திரங்களையும் ஓட்டிக்கொண்டிருப்பதுதான் உங்கள் இப்போதைய நிலை. அந்த வேலையை இழப்பதால் நீங்கள் இழக்கப் போவது கூலியா, இன்னொரு பாக்கியா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதி இயந்திரங்களையாவது வேறொருவரின் வேலைக்கு, சிறியதாக இருந்தாலும் வாரம் தவறாமல் பணம் தரும் வேலைக்கு, முதலில் திருப்பிய பிறகு மனுவைத் தாக்கல் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை.

அதற்கு நேரமும் இருக்கிறது. இந்த வாரம் காசோலையை மறுபடி வங்கியில் செலுத்துங்கள், டெபிட் நோட்டுக்குப் பதில் எழுதுங்கள், பீஸ்களை ஒப்படையுங்கள். மார்ச் முதல் வாரத்தில், எட்டுப் பில்களையும் எண், தேதி, தொகையுடன் பட்டியலிட்டு, நிலுவையை உறுதிசெய்து கையெழுத்திட்டுத் தருமாறு பணிவாக ஒரு கடிதம் கொடுங்கள். ஆண்டு முடிவில் எல்லா நிறுவனங்களும் கேட்கிற, கொடுக்கிற கடிதம்தான் அது. யாரும் பகையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதில் ஒரு கூட்டாளியின் கையெழுத்து விழுந்தால், கடன் ஒப்புக்கொள்ளப்பட்டதாகும். மூன்று ஆண்டுக் காலவரையறையும் அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். தவணையாகத் தருகிறோம் என்றால், எத்தனை தவணை, எந்தத் தேதிகள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு சம்மதியுங்கள். வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதில் தவறில்லை, அசலில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மார்ச் 31 வரை பணமும் வராமல் கையெழுத்தும் வராமல் போனால், ஏப்ரல் முதல் வாரத்தில் ஐந்து பில்களுக்கு நான் சொன்ன அரசு இணையதளத்திலும், மூன்று பில்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் தனித்தனியாக விண்ணப்பித்துவிடுங்கள். அதுவரை அந்த வெற்றுக் காசோலை பீரோவிலேயே இருக்கட்டும்.